மியூசியத்தை ஆராயப் போகிறீர்களா? கேள்வித்தாளைக் கடைசியில் எடுங்கள்

மியூசியம் பற்றி ப்ராஜெக்ட் செய்யப்போகிறேன் என்று வருகிற மாணவர்களில் பாதிப்பேர் கையில் ஏற்கெனவே ஒரு கூகுள் ஃபார்ம் இருக்கும். "அருங்காட்சியகம் உங்களுக்குப் பிடித்திருந்ததா? மிகவும் பிடித்தது, பிடித்தது, பரவாயில்லை." நூறு பேரிடம் நிரப்பி வாங்கி, ஒரு பை சார்ட் போட்டு, முக்கால்வாசிப் பேருக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதி முடித்துவிடலாம். முடித்து என்ன பயன்? டிக்கெட் எடுத்து, வெயிலில் நடந்து, குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுற்றிவிட்டு வெளியே வருகிறவரிடம் ஒரு காலேஜ் பிள்ளை பேனாவை நீட்டினால், "நல்லா இருந்துச்சுப்பா" என்றுதான் சொல்வார். அதில் அவருடைய நல்ல மனசு தெரியும், மியூசியம் தெரியாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் பாருங்கள், அப்புறம் காகிதங்களைப் படியுங்கள், அப்புறம் பேசுங்கள், கேள்வித்தாளைக் கடைசியில் எடுங்கள். முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் கேள்வித்தாளே தேவைப்படாமலும் போகலாம். உதாரணத்துக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1851இல் தொடங்கிய இடம், நம்மில் நிறையப் பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசை கட்டி நடந்த இடம். நான் சொல்வதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே போய் நிற்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், வார விடுமுறை.

எதை ஆராய்கிறீர்கள்?

மியூசியம் என்றதும் எல்லோருக்கும் பார்வையாளர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் அங்கே நடக்கிற வேலை அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஏதோ ஒரு ஊரில் வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போது ஒரு செப்புத்திருமேனி கிடைக்கிறது, விஏஓவுக்குச் சொல்கிறார்கள், தாசில்தார் வருகிறார், கலெக்டர் அலுவலகத்துக்குத் தகவல் போகிறது, பிறகு என்றைக்கோ ஒரு நாள் அது மியூசியத்துக்கு வந்து, எண் போட்டு, பதிவேட்டில் ஏறி, சுத்தம் செய்யப்பட்டு, ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது, இல்லையென்றால் ஸ்டோரில் உட்கார்ந்துவிடுகிறது. விளக்க அட்டையை ஒருவர் எழுதுகிறார். விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று ஒருவர் தீர்மானிக்கிறார். காலை முதல் மாலை வரை ஒருவர் அங்கேயே நின்று "கை வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதில் ஒவ்வொன்றிலும் சட்டப்படி நடப்பது கொஞ்சம், வழக்கப்படி நடப்பது நிறைய. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நல்ல ஆராய்ச்சிக் கேள்வி கிடைக்கும்.

"எழும்பூர் அருங்காட்சியகத்தின் செயல்பாடுகள்: ஓர் ஆய்வு" என்பது கேள்வி ஆகாது. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: வெண்கலச் சிலைக் கூடத்துக்கு வரும் குடும்பங்களில் விளக்க அட்டையை யார் படிக்கிறார்கள், படித்ததை யாருக்குச் சொல்கிறார்கள்? சிலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்களைக் காவலர்கள் எப்படி நடத்துகிறார்கள்? பள்ளி மாணவர்கள் கூட்டமாக வரும்போது அவர்களுடைய வேகத்தை முடிவு செய்வது ஆசிரியரா, கைடா, வெளியே காத்திருக்கும் பஸ் டிரைவரா? ஒரு கூடம், ஒரு வகை ஆட்கள், ஒரு செயல். அவ்வளவு சின்னதாகப் பிடித்தால்தான் ஒரு செமஸ்டரில் முடிக்க முடியும். வளாகமோ பெரியது, கட்டடங்கள் பல, பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் வேறு. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதையும் பார்க்காமலே வந்துவிடுவீர்கள்.

அனுமதி

பொதுமக்கள் போகும் கூடத்தில் நின்று பார்ப்பதற்கு டிக்கெட் போதும் என்று நினைக்காதீர்கள். நோட்டும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு ஒரே தூணுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிற ஆளைக் கண்டால் எந்தக் காவலருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், வர வேண்டும். துறைத் தலைவரின் கையெழுத்தோடு அருங்காட்சியகத் துறை இயக்குநருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். என்ன பார்க்கப்போகிறீர்கள், எந்தக் கூடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, படம் எடுப்பீர்களா மாட்டீர்களா, முடிவை யாருக்குக் காட்டுவீர்கள் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். "ஆராய்ச்சிக்குத் தங்கள் மேலான ஒத்துழைப்பை" என்று பொதுவாக எழுதினால் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஊழியர்களோடு பேச வேண்டும் என்றால் அதைக் கடிதத்திலேயே தனியாகக் குறிப்பிடுங்கள். அவர்கள் அரசு ஊழியர்கள், நடத்தை விதிகள் உண்டு, மேலதிகாரிக்குத் தெரியாமல் பேசினார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் மாட்டுவது அவர்கள்தான், நீங்கள் இல்லை.

முதலில் நின்று பாருங்கள்

பார்வையாளர் ஆய்வில் பழைய, எளிய, இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிற முறை பின்தொடர்ந்து நேரம் குறிப்பது. கூடத்தின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டிகளுக்கு எண் கொடுங்கள், நிறைய நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு தாள். அவர் நடக்கிற பாதையைக் கோடாகப் போடுங்கள், நின்ற இடத்தில் புள்ளி வைத்து எத்தனை வினாடி என்று எழுதுங்கள்.

'நின்றார்' என்றால் என்ன என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு காலும் நின்று, முகம் பொருளின் பக்கம் இருந்து, குறைந்தது மூன்று வினாடி ஆனால்தான் அது நிற்றல். போனில் பேசிக்கொண்டு தற்செயலாக நடராஜர் முன்னால் நிற்பவர் கணக்கில் வர மாட்டார். இதை எழுதி வைக்காமல் இரண்டு பேர் போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்கும் இரண்டு விதமான எண்கள் வரும். வேலை தொடங்கும் முன் ஒரே பார்வையாளரை இருவரும் தனித்தனியாகக் குறித்துப் பார்த்து, எங்கே வித்தியாசப்படுகிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வைவாவில் வருகிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மனசுக்குப் பிடித்த முகத்தை எடுக்கக் கூடாது. வாசலில் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் தயாரானதும் அந்தக் கோட்டைத் தாண்டுகிற அடுத்த வயதுவந்தவர் யாரோ அவர்தான். அவர் முடித்துப் போனதும் மறுபடி வாசலுக்கு வந்து அடுத்தவர். வேலைநாள் காலை, வேலைநாள் மதியம், ஞாயிறு என்று நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கல் கூட்டத்தை மற்ற நாட்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரிக்கு அர்த்தமே இருக்காது. அதைத் தனி ஆய்வாகவே செய்யலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் தனியாக நோட்டும் கையுமாக ஒரு பெண்ணின் பின்னாலேயே கூடம் கூடமாகப் போனால் அது எந்த ஆராய்ச்சி முறையாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது தொல்லைதான். ஆணும் பெண்ணுமாக இருவர் போங்கள், பின்னாலேயே நடக்காமல் முழுக் கூடமும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள், வாசலில் 'இந்தக் கூடத்தில் இன்று பார்வையாளர் ஆய்வு நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டுங்கள், யாராவது கவனித்து முகம் சுளித்தால் அந்த இடத்திலேயே அவருக்கான குறிப்புத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

எண்களை என்ன செய்வது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் மக்கள் ஓவியங்களை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்து 2001இல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 27 வினாடி, ஆனால் இடைநிலை 17 வினாடி. ஒரு சிலர் ரொம்ப நேரம் நின்றதால் சராசரி ஏறிப்போய்விட்டது, பாதிப்பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். உங்கள் தரவிலும் இதுதான் நடக்கும், அதனால் இரண்டையும் கொடுங்கள். இன்னொரு எளிய கணக்கு, பெவர்லி செரல் என்ற அமெரிக்கர் பரப்பியது: கூடத்தின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, ஆட்கள் அங்கே செலவழித்த சராசரி நிமிடத்தால் வகுங்கள். 3,000 சதுர அடிக் கூடத்தில் சராசரியாக 10 நிமிடம் இருந்தால் 300 வரும். எண் சிறியதாக இருந்தால் மெதுவாகப் பார்க்கிறார்கள், பெரியதாக இருந்தால் ஓடுகிறார்கள். அளவு வேறு வேறான இரண்டு கூடங்களை ஒப்பிட இது கை கொடுக்கும்.

பாதைக் கோடுகளையும் வீணாக்காதீர்கள். மக்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் திரும்புவதே அதிகம் என்று 1930களில் அமெரிக்காவில் ஆர்தர் மெல்டன் காட்டினார். கோயிலில் வலமாகச் சுற்றிப் பழகிய நம் ஆட்கள் இடது பக்கம்தான் முதலில் போவார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, யாராவது ஒழுங்காக எண்ணிப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். பாரிஸின் பொம்பிடு மையத்தில் 1980களில் வெரோன், லெவாசர் என்ற இருவர் பார்வையாளர்களை நான்காகப் பிரித்தார்கள்: சுவரை ஒட்டியே ஒன்றுவிடாமல் போகும் எறும்பு, குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சி, நடுவில் நீந்திப் போய்விடும் மீன், பிடித்ததற்கு மட்டும் தாவும் வெட்டுக்கிளி. இதை அப்படியே எழும்பூருக்குப் பொருத்தாதீர்கள். நம்மிடம் தனி ஆள் குறைவு, குடும்பமாக வருகிறவர்களே அதிகம், ஒரே குடும்பத்தில் பாட்டி எறும்பாகவும் பேரன் வெட்டுக்கிளியாகவும் இருப்பார்கள். அப்போது அளக்க வேண்டியது ஆளையா குடும்பத்தையா என்பதே முதல் கேள்வி.

எண்ணுவதோடு நிறுத்தாமல் களக்குறிப்பும் எழுதுங்கள். பெரும்பாலான நோட்டுகளில் "ஒரு குடும்பம் நடராஜர் சிலையை ஆர்வத்துடன் பார்த்தது" என்று இருக்கும். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆர்வம் என்பது நீங்கள் போட்ட பெயர், கண்ணில் பட்டது என்ன? ஒரு மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

"11.40. அறுபது வயதிருக்கும் அம்மா, முப்பதுகளில் ஒரு பெண், எட்டு வயதுப் பையன். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார், பெண் 'இது கோயில் இல்லம்மா' என்றதும் மறுபடி போட்டுக்கொண்டார். பெட்டிக்கு முன் வந்ததும் செருப்புக் காலோடு ஓரடி பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையன் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி மூக்கை ஒட்டினான். காவலர் தூரத்திலிருந்து 'தம்பி' என்று மட்டும் சொன்னார், பையன் கையை எடுத்தான். பெண் அட்டையில் முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்: ஊர்ப் பெயர், நூற்றாண்டு. அம்மா கேட்டது: 'அப்போ அந்தக் கோயில்ல இப்ப என்ன சாமி இருக்கு?' யாரும் பதில் சொல்லவில்லை. 11.42க்கு நகர்ந்தார்கள்."

இரண்டே நிமிடம். கும்பிடும் இடமா பார்க்கும் இடமா என்ற குழப்பம், காவலர் ஒரே சொல்லில் வேலையை முடிக்கும் விதம், அட்டை பதில் சொல்லாத ஒரு நல்ல கேள்வி, மூன்றும் இதில் இருக்கின்றன. இப்படி முப்பது குறிப்பு இருந்தால் ஆய்வேட்டில் பாதி முடிந்த மாதிரி. அன்று இரவே நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்துவிடுங்கள், மறுநாள் என்றால் உங்கள் சுருக்கெழுத்து உங்களுக்கே புரியாது.

ஆளே இல்லாதபோதும் பார்க்கலாம். சிகாகோவின் அறிவியல் தொழில் மியூசியத்தில் முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு பொரிவதைக் காட்டும் இடத்தில் தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம், மற்ற இடங்களில் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தன. எது பிடித்திருக்கிறது என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்துவிட்டது. கண்ணாடியில் கைரேகை எந்த உயரத்தில் அதிகம், எந்தப் பெட்டிக்கு முன்னால் தரை மழுங்கியிருக்கிறது, எந்த இடத்தில் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள் என்று காலை திறந்ததும் ஒருமுறை, மாலை மூடும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். துடைக்கிற அக்காவிடம் எந்தக் கண்ணாடியை அதிகம் துடைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால் இன்னும் சுலபம்.

உடம்பையும் கவனியுங்கள். பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916லேயே ஒரு ஆளைப் பெட்டி பெட்டியாக அனுப்பி, பொருளைப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தார். 'மியூசியம் களைப்பு' என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. உங்கள் குழுவில் ஒருவரையே கீழ்த்தட்டு அட்டைகளைப் படிக்கச் சொல்லிப் படம் எடுங்கள், செலவில்லாத ஆய்வு. முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவரோடு அவர் சம்மதத்தோடு ஒருமுறை நடந்தால் இன்னும் நிறையத் தெரியும்.

காகிதங்கள்

ஆட்களைப் பார்த்த பிறகு காகிதத்துக்கு வாருங்கள். ஏன் இந்த வரிசை என்றால், கூடத்தில் நின்று பார்த்தால்தான் காகிதத்தில் எதைத் தேடுவது என்றே தெரியும். ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள் ஏன் இப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அங்கே நின்று யோசித்தவருக்குத்தான், வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845இல் அங்கே தோண்டியதும், சென்னைக்கு வந்த கற்களில் ஒரு பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியதும், இங்கே தங்கியவை பிற்பாடு சுவரோடு வைத்துப் பூசப்பட்டதும் வெறும் வரலாறாகத் தெரியாது. யாரோ ஒரு அதிகாரி எடுத்த முடிவு பல தலைமுறைப் பார்வையாளர்களின் கண்ணை வழிநடத்தியிருக்கிறது. மியூசியத்தில் இன்றைக்கு எடுக்கிற முடிவும் அவ்வளவு காலம் நிற்கும்.

எங்கே தேடுவது? மியூசியத்தின் பழைய நிர்வாக அறிக்கைகள், அது வெளியிட்ட புல்லட்டின்கள், எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சமீப காலத்துக்கு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அது இணையத்திலேயே கிடைக்கும், துறை தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள விரும்புகிறது என்று அதில் தெரியும்.

கிடைக்காததற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: "ஏன் ஸ்டோரில் இத்தனை பொருள்களைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்பதற்கு விளக்கம் எழுதித் தர அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை புதையல் சட்டத்தின்கீழ் வந்து சேர்ந்த பொருள்களின் பட்டியல், இந்தக் கூடத்தின் புதுப்பிப்புக்கான அரசாணை. 1878ஆம் ஆண்டின் அந்தப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மண்ணில் கிடைப்பது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 1878இல் 10 ரூபாய் பெரிய தொகை, இன்றைக்கு ஒரு டீ வாங்கினாலே சரியாகப் போய்விடும். சட்டத்தில் இப்படி இருக்க, கிராமத்தில் நிஜமாக என்ன நடக்கிறது, சாமியை எடுத்துப் போகக் கூடாது என்று ஊர் மறித்தால் தாசில்தார் எப்படிப் பேசுகிறார் என்பது தனி ஆய்வுக்கே தகும்.

பேசுவது

இப்போது பேசலாம். பார்வையாளரிடம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. "வீட்டுக்குப் போய் இன்னைக்கு என்ன பார்த்தேன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "போன்ல என்ன படம் எடுத்தீங்க, காட்டுறீங்களா?" என்று கேட்டால் இன்னும் நன்றாகப் போகும். படத்தைக் காட்டிக்கொண்டே அவர்களாகவே பேச ஆரம்பிப்பார்கள், நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். குழந்தைகளிடம் தாளைக் கொடுத்து, உள்ளே பார்த்ததை வரையச் சொல்லுங்கள், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. திமிங்கில எலும்புக்கூடு பக்கம் முழுக்க வரும், பானைகள் வரவே வராது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் வயதானவர்களிடம் 'அருங்காட்சியகம்' என்று ஆரம்பிக்காமல் 'செத்த காலேஜ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ், ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு ரயிலேறியது ஒரு தலைமுறையின் பட்டணப் பயணம். மிருகக்காட்சிசாலையே 1855இல் இந்த மியூசியத்தில்தான் தொடங்கியது என்பதைச் சொன்னால் பேச்சு இன்னும் நீளும்.

ஊழியர்களோடு பேசுவது வேறு கலை. பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாட்சியரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, கேள்விகளை முன்பே அனுப்பிவிட்டு, சார், மேடம் என்று மரியாதையாக மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கலாம். கூடத்தில் நிற்கும் காவலரிடம் அது நடக்காது. ரெக்கார்டரை வெளியே எடுத்த உடனே அவர் "எல்லாம் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிடுவார். சில நாள் போய் நின்று, முகம் பழகி, "அண்ணே, சாப்பிட்டீங்களா" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கருத்து கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "பார்வையாளர்கள் எப்படி?" என்றால் "நல்லா வர்றாங்க" என்பார். "நேத்து யாரையாவது தடுக்க வேண்டியிருந்துச்சா அண்ணே, என்ன ஆச்சு?" என்றால் கதை வரும். எந்தச் சிலையை எங்கே என்று வருகிறவர்கள் அதிகம் விசாரிக்கிறார்கள், எந்த இடத்தில் திரும்பத் திரும்ப வழி கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிற அளவு ஆய்வாளர் யாருக்கும் தெரியாது. ஆனால் கூடம் புதுப்பிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி போடுவார்களா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் நடைமுறைதான்.

பின்கட்டு வேலையைப் பார்க்க அனுமதி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எழும்பூரில் வெண்கலங்களை அரிக்கும் நோயைக் குணப்படுத்துவதற்காக 1930இல் பரமசிவன் என்ற வேதியியலாளரை வைத்து ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். இம்மாதிரி இடத்தில் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒவ்வொரு படியிலும் "இப்போ ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால், வெண்கலத்தில் படிந்த பச்சைக் களிம்பை எவ்வளவு சுரண்டுவது, எதை அப்படியே விடுவது என்று கைக்குத் தெரிந்து வாயில் வராத தீர்மானங்கள் வெளியே வரும். லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் 1980களின் கடைசியில் ஷாரன் மெக்டொனால்ட் என்ற மானிடவியலாளர் உணவு பற்றிய ஒரு காட்சிக்கூடம் உருவான காலம் முழுக்க அந்தக் குழுவோடேயே இருந்தார். முடிந்துபோன கூடத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் திட்டமிட்டுச் செய்த மாதிரித் தெரியும். கூடவே இருந்தவருக்குத்தான் இட நெருக்கடியும் தேதி நெருக்கடியும் சேர்ந்து எதையெல்லாம் வெட்டின என்று தெரியும்.

இங்கே ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. இதே மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆராய்ச்சி என்ற பெயரில் மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, சாதி சாதியாகப் பட்டியல் போட்டவர். அளக்கப்பட்டவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கட்டடத்துக்குள் நோட்டோடு நுழைகிறவர் சம்மதப் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. தமிழில், வாய்மொழியாக, "எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், பேரு போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பெயர் போடாதது மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு காப்பாட்சியர் இருக்கும்போது 'நாணயவியல் காப்பாட்சியர் கூறினார்' என்று எழுதினால் அது பெயரைச் சொன்ன மாதிரிதான். 'மூத்த ஊழியர் ஒருவர்' என்று மாற்றுங்கள், ஆளைக் காட்டிக்கொடுக்கும் மேற்கோள் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

சரி, கேள்வித்தாள்

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை தேவைப்படுகிறது என்றால் போடுங்கள். பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். பதில் விருப்பங்களை நீங்களாக யோசிக்காமல், நேர்காணலில் மக்கள் சொன்ன சொற்களிலிருந்தே எடுங்கள். 'யாருடன் வந்தீர்கள்', 'எத்தனையாவது முறை', 'இன்றைக்கு வேறு எங்கே போகிறீர்கள்' போன்ற உண்மைக் கேள்விகள் முன்னால், வயது, படிப்பு எல்லாம் கடைசியில். படிக்கத் தயங்குகிறவருக்கு நீங்களே வாசித்துக் காட்டி நிரப்புங்கள், இல்லையென்றால் படித்தவர்களின் மியூசியம் மட்டுமே உங்கள் எக்செல்லில் இருக்கும்.

ஆனால் கேள்வித்தாளை உண்மையிலேயே எடுத்துப்போக வேண்டிய இடம் மியூசியத்துக்கு வெளியே. பிரான்ஸில் 1960களில் பூர்தியூ, டார்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த பெரிய கணக்கெடுப்பில், கலை மியூசியத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைப் படிப்பு முடிவு செய்கிறது, டிக்கெட் விலை அல்ல என்று தெரிய வந்தது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் அது நமக்கான இடம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இல்லை. எழும்பூரில் இதைச் சோதிக்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். பாந்தியன் சாலையில் துணி வாங்க வந்தவர்கள், ஸ்டேஷனில் ரயிலுக்கு முன்னால் மூன்று மணி நேரம் பொழுதைப் போக்கிக்கொண்டிருப்பவர்கள், மதில் சுவருக்கு வெளியே வண்டி நிறுத்தியிருக்கும் ஆட்டோ அண்ணன்கள். "உள்ளே போயிருக்கீங்களா? கடைசியா எப்ப? யாரோட?" இந்த மூன்று கேள்வி போதும்.

கடைசியில் எல்லாத் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "எல்லா அட்டையும் படிச்சேன்" என்று கேள்வித்தாளில் எழுதியவர்கள் பலர் இருந்து, பின்தொடர்ந்த தாள்களில் அட்டை முன் நின்றவர்கள் கொஞ்சமே என்றால், யாரும் பொய் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். மியூசியத்தில் படிப்பதுதான் மரியாதையான செயல் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதே அங்கே கிடைத்த முடிவு. முரண்படுகிற இடங்களை மறைக்காமல் அவற்றை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதுங்கள், பெரும்பாலும் அதுதான் ஆய்வேட்டிலேயே நல்ல அத்தியாயமாக இருக்கும்.

மியூசியத்துக்குக் கொடுக்கும் அறிக்கை தமிழில், இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். கோட்பாடு எல்லாம் உங்கள் துறைக்கு. அவர்களுக்குத் தேவை, எந்த அட்டையை யாரும் படிப்பதில்லை, எந்த மூலையில் ஆட்கள் வழி தெரியாமல் நிற்கிறார்கள், எந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டால் பெரியவர்கள் உட்காருவார்கள் என்பது. முடிந்தால் ஒரே ஒரு அட்டையை களக்குறிப்பில் வந்த அந்த அம்மா கேட்ட மாதிரி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் விதமாகத் திருத்தி, ஐம்பது சொல்லுக்குள், பெரிய எழுத்தில், சாதாரணத் தாளில் அச்சடித்து, ஒரு வாரம் ஒட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே மூன்று வினாடி விதியை வைத்து எண்ணுங்கள். அறிக்கையின் ஒரு பிரதியைக் கூடத்தில் நிற்கிற அந்த அண்ணனுக்கும் கையில் கொடுத்துவிடுங்கள், அலுவலகத்துக்குக் கொடுத்தது அவரிடம் போய்ச் சேரும் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.